டிஎம்ஆரில் உங்கள் குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி

டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் பேசும் வாக்கி ஒன்றை வாங்கி, யாரோ கொடுத்த கோடுபிளக்கை (ரேடியோவின் அமைப்புக் கோப்பை) ஏற்றி, பிடிடி என்ற பேசும் பொத்தானை அழுத்தி மூன்று முறை கால்சைனை (உரிமத்தோடு வரும் அழைப்புப் பெயரை) சொல்லிப் பார்த்துவிட்டு, "யாருமே இல்லையே" என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிடுகிற ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) நிறையப் பேர். அங்கே ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. டிஎம்ஆர் நிலையங்களை இணையம் வழியாக இணைக்கும் பிராண்ட்மைஸ்டர் நெட்வொர்க்கில் நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் குரல் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. அல்லது அவர்கள் குரல் உங்கள் ஸ்பீக்கர் வரை வரவில்லை. அல்லது குழு கூடாத நேரத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் உங்களுக்கென்று ஒரு குழு அமைந்துவிடும்.

குழு என்று நாம் சொல்லும் டாக்குரூப் என்பது வெறும் எண். அதற்கு உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ கிடையாது. அந்த எண்ணை வைத்து யார் பேசினாலும், அதே எண்ணைத் திறந்துவைத்திருக்கிற எல்லா ரிப்பீட்டரிலும் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) ஹாட்ஸ்பாட்டிலும் (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) அந்தக் குரல் ஒலிக்கும். அதனால் இங்கே "சேர்வது" என்றால் எண்ணைச் சரியாகத் திறப்பது, அந்த ஆட்கள் கூடும் நேரத்தில் அங்கே இருப்பது, அவர்கள் பேசும் முறைக்குப் பழகிக்கொள்வது. இவ்வளவுதான். முதலாவது வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் எண்

கால்சைன் கையில் இல்லாமல் எதுவும் நடக்காது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் ஏஎஸ்ஓசி என்ற அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். விண்ணப்பம் சரல் சஞ்சார் தளம் வழியாகப் போகிறது. கால்சைன் வந்த பிறகு ரேடியோஐடி தளத்தில் பதிவுசெய்து உரிமத்தின் நகலை ஏற்றினால் ஏழு இலக்க டிஎம்ஆர் எண் கிடைக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். செல்பேசி வலையமைப்புகளுக்கான நாட்டுக் குறியீடுதான் அது: இந்தியாவுக்கு 404, இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. இந்தக் குறியீடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்குரூப் தேடும்போதும் இவைதான் உதவும்.

இரண்டு ரேடியோ வைத்திருப்பவர்கள் இரண்டாவது எண்ணுக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஒரே எண்ணை எல்லா ரேடியோவிலும் போடலாம். ஆனால் ஹாட்ஸ்பாட் வேறு கதை. ஒரே எண்ணோடு இரண்டு ஹாட்ஸ்பாட்டுகள் ஒரே நேரத்தில் இணைந்தால் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். இணைப்பு வருவதும் போவதுமாக இருப்பதைப் பார்த்து இணையத்தைக் குறைசொல்வார்கள். உங்கள் ஏழு இலக்கத்துக்குப் பின்னால் 01, 02 என்று இரண்டு இலக்கம் சேர்த்து, ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் ஒன்பது இலக்க எண்ணாகக் கொடுங்கள். ரேடியோவில் ஏழு இலக்கம் அப்படியே இருக்கட்டும்.

எண் கிடைத்த அன்றே இணைக்க முயன்று தோற்பது சகஜம். தரவு நெட்வொர்க்குகளுக்குப் பரவ ஒரு நாள் விடுங்கள். பிறகு பிராண்ட்மைஸ்டரில் கணக்கு தொடங்கி, செல்ஃப்கேர் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் கடவுச்சொல் ஒன்றை அமையுங்கள். கணக்கில் நுழையும் கடவுச்சொல் வேறு, இது வேறு. இதை அமைக்காமல் விட்டாலோ, ஹாட்ஸ்பாட்டில் தவறாக உள்ளிட்டாலோ இணைப்பு நிலைக்காது.

ரேடியோவுக்குள் பார்க்க வேண்டியவை

டிஎம்ஆர் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இரண்டு உரையாடல்களை நேரத்தால் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு டைம்ஸ்லாட்டும் 30 மில்லிவினாடி. ஆகவே ஒரு சேனலில் அலைவரிசை மட்டும் சரியாக இருந்தால் போதாது. கலர் கோடு, டைம்ஸ்லாட், டாக்குரூப் மூன்றும் பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் பெட்டி ஊமைதான்.

கலர் கோடு 0 முதல் 15 வரை. அனலாக் ரேடியோவில் தேவையில்லாத சிக்னலை வடிகட்டும் சிடிசிஎஸ்எஸ் டோன் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. ரிப்பீட்டரின் கலர் கோடு 3 ஆக இருக்க உங்கள் சேனலில் 1 என்று இருந்தால் ரிப்பீட்டர் உங்களைப் பொருட்படுத்தவே செய்யாது. டைம்ஸ்லாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. சில ரிப்பீட்டர்களில் தொலைதூரக் குழுக்கள் ஸ்லாட் 1-லும் உள்ளூர்ப் பேச்சு ஸ்லாட் 2-லும் இருக்கும். வேறு சிலவற்றில் தலைகீழாக இருக்கும். பொது விதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ரிப்பீட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் நடத்துபவரையே கேளுங்கள்.

அடுத்தது ரிசீவ் குரூப் லிஸ்ட். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சிக்னல் வருகிறது, பச்சை விளக்கு எரிகிறது, ஒலி இல்லை. காரணம், எந்தெந்த டாக்குரூப்பின் ஒலியை ஸ்பீக்கருக்கு விடுவது என்ற பட்டியலில் அந்த எண் இல்லை. பட்டியலில் எண்ணைச் சேர்ப்பது மட்டும் போதாது, அந்தப் பட்டியலைச் சேனலோடு இணைத்திருக்கவும் வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: ஆனிடோன் 878 போன்ற ரேடியோக்களில் டிஜிட்டல் மானிட்டரை இயக்கினால் எந்த டாக்குரூப் வந்தாலும் கேட்கும். மானிட்டரை இயக்கினால் கேட்கிறது, அணைத்தால் நிற்கிறது என்றால் கோளாறு பட்டியலில்தான். வேறெங்கும் தேட வேண்டாம்.

கான்டாக்ட் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் குரூப் காலா, பிரைவேட் காலா என்று ஒரு வகை இருக்கும். 91, 404 போன்ற டாக்குரூப்புகள் குரூப் கால். பேசியதைத் திருப்பிச் சொல்லும் எதிரொலிச் சேவையான 9990 (பேரட்) பிரைவேட் கால். இதை மாற்றிப் போட்டுவிட்டு "பேரட் வேலை செய்யவில்லை" என்று ஹாட்ஸ்பாட்டையே அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு.

ரேடியோ எப்போது அனுப்பலாம் என்பதைத் தீர்மானிக்கும் அட்மிட் கிரைடீரியா என்ற அமைப்பையும் கவனியுங்கள். ஒற்றை அலைவரிசை ஹாட்ஸ்பாட் என்றால் "எப்போதும்". ரிப்பீட்டர் என்றால் சேனல் காலியாக இருந்தால் மட்டும், அல்லது கலர் கோடு பொருந்தினால் மட்டும். தொடர்ந்து பேசுவதற்கான வரம்பாகிய டைம்-அவுட் நேரத்தை 180 வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். குறியாக்கத்தை அணைத்தே வையுங்கள். அமெச்சூர் அலையில் மறைத்துப் பேச அனுமதி இல்லை. கடையிலிருந்து வந்த கோடுபிளக்கில் அது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் பேசுவது மற்றவர்களுக்குக் கரகரப்பாக மட்டுமே கேட்கும்.

இன்னொருவரின் கோடுபிளக்கை அப்படியே ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதில் அவருடைய டிஎம்ஆர் எண் இருக்கும். மாற்ற மறந்தால் நீங்கள் பேசுவதெல்லாம் அவர் பெயரில் பதிவாகும். பத்துச் சேனல்கள் உள்ள கோடுபிளக்கை நீங்களே எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். அதற்குப் பிறகு எது கெட்டாலும் எங்கே பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும்.

ஹாட்ஸ்பாட்

பக்கத்தில் டிஎம்ஆர் ரிப்பீட்டர் இல்லாதவர்களுக்கு இதுதான் வாசல். ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்ற சிறு கணினி ஒன்று, அதன் மேல் பொருந்தும் எம்எம்டிவிஎம் ரேடியோ பலகை, சிறு ஆன்டெனா, பை-ஸ்டார் மென்பொருள் ஏற்றிய மெமரி கார்டு, நல்ல 5 வோல்ட் சார்ஜர். சார்ஜர் மட்டமாக இருந்தால் பை இடையிடையே தானாக ரீஸ்டார்ட் ஆகும். கார்டும் சீக்கிரம் கெடும். பலகையின் வெளியீடு சுமார் 10 மில்லிவாட். வீட்டுக்குள் பேச அதுவே தாராளம்.

வாங்குவதற்கு முன்பே உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். நிலையத்தை இணையத்தோடு இணைப்பது பற்றி சந்தேகம் இருந்தால் உரிமம் வழங்கும் அலுவலகத்திடம் எழுத்தில் தெளிவு பெறுங்கள். இது ஒவ்வொரு நாட்டிலும் வேறுபடும்.

இந்தியாவில் நமக்கு உள்ள பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். அதில் 435 முதல் 438 வரை உலகம் முழுக்க அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கானது. அங்கே ஹாட்ஸ்பாட்டை வைத்தால், தலைக்கு மேல் போகிற செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னலைப் பிடிக்க மொட்டைமாடியில் யாகி ஆன்டெனாவோடு நிற்கும் பக்கத்துத் தெரு ஹாமுக்கு இடைஞ்சல். கீழே போனால் கார் சாவி, கேட் ரிமோட் எல்லாம் 433.92-இல் கத்திக்கொண்டிருக்கும். 434.8-க்கும் 435-க்கும் நடுவில், உள்ளூரில் யாரும் பயன்படுத்தாத ஓர் அலைவரிசையைக் கேட்டறிந்து வையுங்கள்.

ரேடியோவில் இதற்கான சேனல்: அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசை, கலர் கோடு 1, டைம்ஸ்லாட் 2, குறைந்த பவர். ஹாட்ஸ்பாட்டிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். 5 வாட்டை அதன் மூக்குக்கு முன்னால் விட்டால் அதன் ரிசீவர் திணறி, குரல் உடையும்.

பை-ஸ்டாரில் தேவையில்லாத முறைகளை அணையுங்கள். டிஎம்ஆரோடு டி-ஸ்டார், ஃபியூஷன் என்ற மற்ற டிஜிட்டல் முறைகளும் இயங்கினால், ஒன்றில் ஏதாவது வந்ததும் ஹாட்ஸ்பாட் அதிலேயே சில வினாடி உட்கார்ந்துவிடும். அந்த இடைவெளியில் நீங்கள் டிஎம்ஆரில் அழைத்தால் பதில் இருக்காது. தொடக்கநிலைக் கடவுச்சொல்லான "ராஸ்பெரி"யை முதல் நாளே மாற்றுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் வேண்டாம். ஹாட்ஸ்பாட்தான் வெளியே போய் பிராண்ட்மைஸ்டரின் மாஸ்டர் சர்வரோடு பேசுகிறது. அதனால் செல்பேசியின் இணையத்திலும் அது வேலை செய்யும்.

அதன் பிறகு ஆஃப்செட் என்ற அலைவரிசைத் திருத்தம். மலிவான பலகைகளில் உள்ள கிரிஸ்டல் சொன்ன அலைவரிசையில் துல்லியமாக நிற்காது. சில நூறு ஹெர்ட்ஸ் விலகியிருக்கும். அனலாக்கில் இது தெரியவே தெரியாது. டிஎம்ஆர் நான்கு நிலை எஃப்எஸ்கே (நான்கு நெருங்கிய அலைவரிசைகளால் தகவல் அனுப்பும் முறை) என்பதால் பிழைகள் கூடிவிடும். 9990-க்குப் பிரைவேட் காலில் பத்து வினாடி பேசிக்கொண்டே பை-ஸ்டார் முகப்பில் பிஇஆர் என்ற பிழை விகிதத்தைப் பாருங்கள். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொட வேண்டாம். மூன்று, நான்கு என்று காட்டினால் எக்ஸ்பர்ட் பக்கத்தில் எம்எம்டிவிஎம்ஹோஸ்டில் ஆர்எக்ஸ்ஆஃப்செட்டை 100 ஹெர்ட்ஸ் படியாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். சிக்னல் அறவே போகும் இடம் வரும். பிறகு மறுபக்கம் அதேபோல. இரண்டு விளிம்புக்கும் நடுப்புள்ளிதான் உங்கள் எண். டிஎக்ஸ்ஆஃப்செட்டுக்கும் பெரும்பாலும் அதே எண் பொருந்தும். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் எந்தக் குழுவுக்கும் போக வேண்டாம். உடைந்த குரலோடு வருகிறவரிடம் மற்றவர்கள் இரண்டு முறை "திரும்பச் சொல்லுங்கள்" என்பார்கள், மூன்றாவது முறை கேட்க மாட்டார்கள்.

குரலைப் பற்றி இன்னொன்று. டிஎம்ஆர் ரேடியோக்களில் ஏஎம்பிஇ+2 என்ற கோடெக், நம் பேச்சை வினாடிக்கு 2450 பிட்டாகச் சுருக்குகிறது. பிழைதிருத்தத்துக்கு 1150 பிட் சேர்ந்து மொத்தம் 3600. மனிதக் குரலின் அமைப்பை வைத்துக் கணக்குப் போடும் முறை என்பதால் மின்விசிறி இரைச்சல், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் கலந்தால் அது குழம்பி விநோதமான ஒலியை உமிழும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடித்து, அமைதியான இடத்தில் பேசுங்கள். கத்திப் பேசுவதால் எதுவும் மேம்படாது, கெடத்தான் செய்யும்.

எந்தக் குழு

இப்போதுதான் தேடல் தொடங்குகிறது. பிராண்ட்மைஸ்டரில் நாட்டுக் குழுக்கள் நாட்டுக் குறியீட்டையே எண்ணாகக் கொள்கின்றன. இந்தியா 404, இலங்கை 413. 91 உலகக் குழு, 92 ஐரோப்பா, 93 வட அமெரிக்கா. இவற்றுக்கு அடியில் மாநிலம், வட்டாரம், மொழி, பொழுதுபோக்கு என்று ஆயிரக்கணக்கான எண்கள். பட்டியலைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. பாதி எண்களில் மாதக்கணக்கில் யாரும் வாய் திறப்பதில்லை.

பிராண்ட்மைஸ்டர் தளத்தின் லாஸ்ட் ஹேர்ட் பக்கத்தைத் திறங்கள். யார், எந்த டாக்குரூப்பில், எத்தனை வினாடி பேசினார்கள் என்று வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் யோசிக்கும் எண்ணை வைத்து வடிகட்டி, கால அளவு என்ற பத்தியை மட்டும் பாருங்கள். ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று வரிசையாக இருந்தால் அவை வெறும் பிடிடி தட்டல்கள். சேனலைத் திறக்க ஆட்கள் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். 15, 40, 25 என்று இரண்டு மூன்று கால்சைன்கள் மாறி மாறி வந்தால் அங்கே உரையாடல் நடந்திருக்கிறது. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்தால் எந்தக் குழு எத்தனை மணிக்கு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தக் குறிப்பேடு எந்தப் பட்டியலையும்விடப் பயன்படும்.

கால்சைன் முன்னொட்டையும் பாருங்கள். வியு (விக்டர் யூனிஃபார்ம்) என்று தொடங்கினால் இந்தியா. 4எஸ்7 இலங்கை, 9வி1 சிங்கப்பூர், 9எம்2-வும் 9டபிள்யூ2-வும் மேற்கு மலேசியா. தமிழில் பேச ஆள் தேடுகிறவர்களுக்கு இது ஒரு தடம். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அங்கே இரவு ஒன்பது மணி அரட்டை நமக்கு மாலை ஆறரை.

குரலைக் கேட்க ரேடியோகூடத் தேவையில்லை. பிராண்ட்மைஸ்டரின் ஹோஸ்லைன் சேவையில் உலாவியிலேயே ஒரு டாக்குரூப்பைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். இரண்டு மூன்று மாலை கேளுங்கள். சில குழுக்களில் ஆளுக்கு முப்பது வினாடி, சிலவற்றில் ஐந்து நிமிடச் சொற்பொழிவு. சில இடத்தில் புதியவர் கூப்பிட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள், சில இடத்தில் பழைய நண்பர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். இது எண்ணைப் பார்த்தால் தெரியாது.

நெட், அதாவது குழு குறித்த நேரத்தில் கூடும் கூட்டம், அதன் நேரங்களில் ஒரு பொறி உண்டு. பெரும்பாலும் யுடிசியில் போடுவார்கள்; ஐந்தரை மணி கூட்டிக்கொண்டால் நம் நேரம். ஆனால் அமெரிக்கக் குழுக்கள் உள்ளூர் நேரத்தையே பிடித்துக்கொள்ளும். அங்கே கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 6.30, கோடையில் 5.30. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். "போன வாரம் இருந்தார்கள், இந்த வாரம் இல்லை" என்ற புகார் அந்த இரண்டு மாதங்களில் தவறாமல் வரும்.

குழு முடிவானதும் செல்ஃப்கேரில் உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்கு அதை ஸ்டாட்டிக்காக (எப்போதும் திறந்திருப்பதாக) அமையுங்கள். ஒரே ஒரு எண். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் எல்லாரும் முதல் நாளே ஏழெட்டைப் போடுகிறார்கள். ஒற்றை அலைவரிசை ஹாட்ஸ்பாட்டால் ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் எடுத்துவர முடியும். இரண்டு பரபரப்பான குழுக்களைப் போட்டால், ஒன்றில் ஒருவர் மூச்சுவிடும் இடைவெளியில் மற்றொன்று நுழைந்துவிடும். பாதி வாக்கியம் லண்டன், பாதி வாக்கியம் லக்னோ. பதில் சொல்லவும் வழி இல்லை. குறிப்பாக 91-ஐ ஸ்டாட்டிக்காக வைக்கவே வேண்டாம். அது ஓயாது, உங்கள் சொந்தக் குழு அழைப்பது உங்கள் காதில் விழாது.

ரிப்பீட்டரில் நிலைமை வேறு. எது ஸ்டாட்டிக் என்பதை நடத்துபவர் முடிவுசெய்வார். நீங்கள் வேறு எண்ணில் பிடிடி அழுத்தினால் அது தற்காலிகமாகத் திறக்கும். சில நிமிடம் யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் தானே மூடிக்கொள்ளும். கேட்டுக்கொண்டே இருந்தபோது திடீரென அமைதியானதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மறுபடி ஒருமுறை கால்சைனைச் சொல்லித் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் 4000-ஐ அழைத்து மூடிவிட்டுப் போவது மரியாதை. இல்லாவிட்டால் உங்கள் உலகக் குழு அந்த ரிப்பீட்டரின் ஸ்லாட்டைப் பிடித்துக்கொள்ள, உள்ளூர்க்காரர்கள் காத்துக்கிடப்பார்கள்.

முதல் செக்-இன்

பிடிடியை அழுத்தி ஒரு முழு வினாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். உங்கள் ரேடியோவிலிருந்து ஹாட்ஸ்பாட், அங்கிருந்து மாஸ்டர், அங்கிருந்து மற்ற சர்வர்கள், பிறகு நூற்றுக்கணக்கான ஹாட்ஸ்பாட்டுகள் விழித்துக்கொள்ள நேரம் வேண்டும். உடனே பேசினால் கால்சைனின் முதல் எழுத்துகள் விழுங்கப்படும்.

அதேபோல ஒருவர் முடித்ததும் இரண்டு மூன்று வினாடி விடுங்கள். அனலாக்கில் இருவர் ஒன்றாகப் பேசினால் விசில் கேட்கும், எல்லாருக்கும் தெரியும். இங்கே நெட்வொர்க் முதலில் வந்தவரை மட்டும் கொண்டுபோகும். மற்றவர் தன் குரல் போகவில்லை என்று அறியாமல் ஒரு நிமிடம் பேசி முடிப்பார். பிடிடி அழுத்தியதும் வரும் "பேசலாம்" ஒலியை நம்பாதீர்கள். டாக்குரூப் காலியா என்பதை அது சொல்லாது. வேறு முறைகளோடு பாலம் போட்டிருக்கும் குழுக்களில் தாமதம் இன்னும் கூடும். அங்கே இடைவெளியும் அதற்கேற்ப.

நெட்டில் அதை நடத்தும் நெட் கன்ட்ரோல் ஒருவர் இருப்பார். அவர் புதியவர்களைக் கேட்கும் வரை காத்திருங்கள். கேட்டதும் கால்சைனை ஃபொனெடிக்கில் (விக்டர், யூனிஃபார்ம் என எழுத்துக்கு ஒரு சொல்லாக) ஒருமுறை நிதானமாக, பிறகு பெயர், ஊர். நிறுத்துங்கள். அவர் உங்கள் கால்சைனைத் திருப்பிச் சொன்னால் பதிவாகிவிட்டது. தவறாகச் சொன்னால் அந்த எழுத்தை மட்டும் திருத்துங்கள். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் "நோ டிராஃபிக்" என்று சொல்லி விடைபெறுவதில் குறை ஒன்றும் இல்லை. முதல் நான்கு வாரம் வெறும் செக்-இன் மட்டும் செய்தாலே உங்கள் கால்சைன் அவர்கள் லாக்கில் பழகிவிடும். ஐந்தாவது வாரம் அவர்களே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். 91-இல் பொது அழைப்பு கொடுத்து ஆள் கிடைத்தால் அங்கேயே நீட்ட வேண்டாம். இருவரும் வேறு ஓர் எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மற்றவர் திரையில் உங்கள் கால்சைனுக்குப் பதில் வெறும் எண் தெரிகிறது என்றால் அவருடைய தொடர்புப் பட்டியல் பழையது. உங்கள் பக்கம் பிழை இல்லை. ரேடியோஐடி தளத்திலிருந்து புதிய பட்டியலை இறக்கி ரேடியோவில் ஏற்றினால் சரியாகும்.

டி-ஸ்டாரும் ஃபியூஷனும்

டி-ஸ்டாரில் குழு என்பது ரிஃப்ளெக்டர் என்ற இணையச் சர்வரும் அதன் மாட்யூல் எழுத்தும். இணைக்க, ரேடியோவில் யுவர்கால் என்ற இடத்தில் எட்டு எழுத்து: ஆர்இஎஃப்001 என்ற ஆறு, மாட்யூல் சி, கடைசியில் இணைப்புக்கான எல். எட்டாவது இடம் தவறினால் எதுவும் நடக்காது. இணைந்ததும் யுவர்காலைக் கட்டாயம் சிக்யூசிக்யூசிக்யூ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நீங்கள் பேசும் ஒவ்வொரு முறையும் மறுபடி இணைப்புக் கட்டளைதான் போகும். துண்டிக்க ஏழு இடம் காலியாக விட்டு எட்டாவதில் யு. யேசுவின் ஃபியூஷனில் ஒய்எஸ்எஃப் ரிஃப்ளெக்டர்கள் ஐந்து இலக்க எண்ணோடு இருக்கும், சேர்வது எளிது. டிஜி-ஐடி என்ற குழு எண் 00 ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு

எச்எஃப் ரிக் (தொலைதூரச் சிற்றலை ரேடியோ) வைத்திருப்பவர்களுக்கு ஜேஎஸ்8கால் என்ற நிரல் இருக்கிறது. எஃப்டி8 என்ற குறுஞ்செய்தி டிஜிட்டல் முறையின் அடித்தளத்தில் 2018-இல் வந்தது. ஆனால் முழு வாக்கியம் தட்டச்சு செய்து பேசலாம். 14.078, 7.078 மெகாஹெர்ட்ஸ், மேல் பக்கப்பட்டை. குழுப் பெயர் @ குறியோடு தொடங்கும். அமைப்புகளில் கால்சைன் குழுக்கள் என்ற இடத்தில் பெயரைச் சேர்த்துவிட்டால், அந்தக் குழுவுக்கு வரும் செய்திகள் உங்களுக்கென்று வந்தவையாகத் திரையில் எழும். நீங்களும் நான்கு நண்பர்களும் சேர்ந்து ஒரு பெயரை முடிவுசெய்தால் அதுவே குழு; யாரிடமும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. @ஆல்கால் எல்லாருக்குமான அழைப்பு.

இங்கே கெடுவது பெரும்பாலும் கடிகாரம். கணினி நேரம் இரண்டு வினாடிக்கு மேல் விலகினால் திரையில் சிக்னலைக் காட்டும் அருவிப் படத்தில் (வாட்டர்ஃபால்) கோடு பளிச்சென்று தெரியும், எழுத்து ஒன்றும் வராது. இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வைத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்தது ஆடியோ அளவு: ரிக்கின் ஏஎல்சி மீட்டர் அசையத் தொடங்கும் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் பேசுகிறவர்கள் மேல் உங்கள் சிக்னல் சிதறும். வேகம் நார்மல் என்றால் 15 வினாடிச் சுற்று, ஸ்லோ 30, ஃபாஸ்ட் 10, டர்போ 6. வேகம் கூடக்கூட மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் திறன் குறையும். இரவு 40 மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ்) சத்தம் அதிகமாக இருந்தால் ஸ்லோவுக்கு இறங்குங்கள். நீங்கள் அலையில் இருப்பதைத் தானே அறிவிக்கும் ஹார்ட்பீட்டை அரைமணிக்கு ஒருமுறை விட்டு ரிக்கை ஓடவிட்டுப் போனால், காலையில் எழுந்து பார்க்கும்போது யார் யார் உங்களைக் கேட்டார்கள், எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று பட்டியல் காத்திருக்கும். ஆனால் ரிக் ஆள் இல்லாமல் தானே அனுப்புவதை உங்கள் உரிமம் அனுமதிக்காவிட்டால் அருகில் இருக்கும்போது மட்டும் ஹார்ட்பீட்டை இயக்குங்கள். மற்ற நேரம் கேட்க மட்டும் விட்டுவைக்கலாம்.